பிரேக் லைட் எரியுது, பாய்

அன்றைக்கும் முத்துராமன் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு கத்தினார்.

“பாய்! பிரேக் லைட் எரியுது!”

சாதிக் பாட்சா வண்டியை நிறுத்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, “எரியட்டும்ணே! ஒங்க அடுப்புல பாலு பொங்குது, அதப் பாருங்க!” என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி நூர்நிஷா அவர் முதுகில் ஒரு தட்டு வைத்தாள். “கைய எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“பதில் சொல்லலைன்னா மனுசன் அன்னைக்குப் பூரா டீயில சக்கரை போட மறந்துருவாரு, நிஷா.”

திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து சித்தன்னவாசல் போகிற சாலையில் ஒரு கிராமத்து நூலகம். அதில் அவளுக்கு வேலை. காலையில் போகிற டவுன் பஸ் நூலகம் திறக்கிற நேரத்துக்கு ஒத்துவராது. அதனால் தினமும் அவர்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி ஊருக்குள் வந்து கடை விரிப்பார். கடை என்றால் கீழராஜ வீதியில் ஒரு துணிக்கடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த கொஞ்ச இடம். பூட்டு ரிப்பேர், சாவி செய்து தருவது. சின்ன வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிப்போனவர். கால் செய்யாத வேலையை எல்லாம் விரல்கள் செய்தன.

நூலக வாசலில் அவள் இறங்கியதும் வண்டியைத் திருப்பினார். திருப்பியவர் நின்று, “சாயங்காலம் பழைய டூத் பிரஷ் ஒண்ணு எடுத்து வை. பூட்டுத் தொடைக்கணும்” என்றார்.

“சரி.”

அவ்வளவுதான். மத்தியானம் துணிக்கடைக்காரர் போனில் கூப்பிட்டபோது பாட்சாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் பாதி அராவிய சாவி ஒன்று இருந்ததாம். அதை யாருக்காகச் செய்தார் என்று தெரியவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஸ்கூட்டராகப் பிறந்த வண்டி. மெக்கானிக் பிராங்க்ளின் அதன் பின்சக்கரத்தைக் கழற்றிப்போட்டு, அந்த இடத்தில் அச்சு வைத்து இரண்டு சக்கரம் பூட்டி, மூன்று சக்கர வண்டியாக்கிக் கொடுத்தான். அதற்கு முந்தைய பழைய வண்டியோடு ஒரு மழைநாளில் பாட்சா சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தார். அதிலிருந்து நூர்நிஷாவுக்கு ஒரு நடுக்கம் பிடித்துக்கொண்டது. அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு போன். சாப்பிட்டாரா என்கிற சாக்கில் ஒரு போன். கிளம்பிவிட்டாரா என்று ஒன்று. வழியில் எங்கே என்று இன்னொன்று. அந்தக் கடைசி போனை எடுப்பதற்காக அவர் வண்டியை ஓரங்கட்டினால், ஓரங்கட்டியது ஏன் என்று ஒரு விசாரணை.

புது வண்டி வந்த வாரமே அவள் காட்டுபாவா பள்ளிவாசலுக்குப் போய் ஓதி வாங்கிய பச்சை நூலைக் கொண்டுவந்தாள். கண்ணாடியில் கட்டலாம், கைப்பிடியில் கட்டலாம். அவள் நேராகப் பிரேக் லீவரில், அது கைப்பிடியோடு சேர்கிற மூட்டில், பல சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“அங்க எதுக்கு?” என்றார் பாட்சா. அவருக்கு நூல் மந்திரங்களில் நம்பிக்கை கிடையாது. தொழுகையோடு சரி.

“ஒங்களக் காப்பாத்த வேண்டியது பிரேக்குதானே? அதுகிட்டதான சொல்லி வைக்கணும்?”

அவர் நல்ல சாவி ஒன்றைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். அன்றிலிருந்து போன்கள் நின்றன. அவள் நூலகத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் புத்தகம் படித்தாள்.

வண்டியின் திரையில் அந்தச் செய்தி வர ஆரம்பித்ததும் அப்போதுதான். வண்டி ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் கைப்பிடிக்கு நடுவிலிருக்கிற சின்னத் திரையில் மஞ்சள் எழுத்தில் ‘செக் பிரேக்’ என்று வரும். கூடவே கீ, கீ என்று ஒரு சத்தம். பின்னால் பிரேக் லைட் பகலென்றும் இரவென்றும் பாராமல் எரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் முத்துராமன் கத்துவது. பிரேக் என்னவோ நன்றாகவே பிடித்தது. ஆனாலும் திரை விடுவதாக இல்லை.

“பாத்தியா, ஒன்னைய மாதிரியே இருக்கா. சும்மா சும்மா பாத்துப் போ, பாத்துப் போங்கிறா” என்பார் பாட்சா. அதற்குக் குட்டி நிஷா என்று பெயரும் வைத்துவிட்டார். சத்தம் வந்ததும், “சரிம்மா, மெதுவாத்தான் போறேன்” என்று திரைக்குப் பதில் சொல்வார். பெரிய நிஷா பின்னால் இருந்து கிள்ளுவாள்.

அவள் விடவில்லை. பிராங்க்ளின் பட்டறைக்கு எத்தனையோ தடவை இழுத்துக்கொண்டு போனாள். அவன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் கட்டையைப் பார்ப்பான். ஒயரை இழுத்துப் பார்ப்பான். ஆயில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, “சென்சாருதான்க்கா. கம்பெனியிலதான் கேக்கணும்” என்பான். பாட்சா இருவருக்கும் டீ வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு, “கேட்டுப் பாருப்பா, கேட்டுப் பாரு” என்பார். இருவரும் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

திருச்சியில் பெரிய சர்வீஸ் சென்டருக்கும் போனார்கள். அங்கே கம்ப்யூட்டரை வண்டியோடு ஒயர் போட்டு இணைத்தார்கள். அந்தப் பையன் லீவர் மூட்டில் இருந்த நூலைத் தொட்டபோது பாட்சா, “தம்பி, அது வீட்டுல கட்டுனது” என்றார். பையன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். நெற்றி நிறைய விபூதி வைத்த பையன். “சாரி சார், சாமி கயிறுன்னு தெரியாது” என்று நூலைத் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நூர்நிஷாவுக்கு அன்று பெருமையாக இருந்தது. கம்ப்யூட்டரில் எதையோ அழித்து, செய்தி போய்விட்டது என்று அனுப்பினார்கள். கீரனூர் தாண்டுவதற்குள் குட்டி நிஷா திரும்பி வந்துவிட்டாள்.

அதெல்லாம் அவர் இருந்தபோது.

கணவன் இறந்தபின் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில் நூர்நிஷா வாசல் தாண்டவில்லை. வண்டி வாசலில் ஒரு பழைய போர்வைக்குள் நின்றது. இத்தா முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக அல்லாடினாள். நூலகத்தைத் திறக்கும்போது, காத்திருந்த பெரியவர்கள் பேப்பர் படிக்காமலே போயிருப்பார்கள். ஒரு நாள் போர்வையை எடுத்து வண்டியைத் துடைத்தாள். இதை நாமே ஓட்டினால் என்ன என்று தோன்றியது.

ஷார்ஜாவிலிருந்த மகன் அஸ்வருக்குச் சொன்னதும் வீடியோவில் அவன் முகம் மாறியது.

“அம்மா, அத்தாவே பயந்து பயந்து ஓட்டுன வண்டி அது. செக் பிரேக், செக் பிரேக்னு கத்திக்கிட்டே இருக்கும். ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இங்கிட்டு உக்காந்து என்ன பண்றது?”

“பிரேக்கு நல்லாத்தாண்டா பிடிக்குது.”

“அப்ப அது ஏன் கத்துது? சொல்லுங்க.”

அஸ்வர் அடுத்த மாதம் லீவில் வருகிறான். வந்ததும் வண்டியைக் கொடுத்துவிடப்போகிறான். அறந்தாங்கியில் அதே மாதிரி கால் வராத ஒருவர் கேட்டிருக்கிறார். திரையில் வருகிற அந்தச் செய்தி போய், தானே பின்னால் உட்கார்ந்து பார்த்துத் திருப்தியானால்தான் வண்டி வீட்டில் நிற்கும் என்று அவன் சொல்லிவிட்டான். அப்பனைப் போலவே பிள்ளைக்கும் சிரித்துக்கொண்டே பிடிவாதம் பிடிக்கத் தெரியும்.

பக்கத்து வீட்டு இலக்கியா ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண். பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வந்ததும் அவள்தான், ஓட்டச் சொல்லிக்கொடுக்க முன்வந்ததும் அவள்தான். எல்.எல்.ஆர். கைக்கு வந்த மறுநாள், கோயில் பக்கத்துக் காலி மைதானத்தில் பாடம் தொடங்கியது.

“அத்தை, மொதல்ல சாவியப் போடுங்க. அப்புறம் பிரேக்க நல்லாப் பிடிச்சுக்கங்க. பிடிச்சுக்கிட்டுத்தான் செல்ஃப் அமுக்கணும். பிரேக் பிடிக்கலைன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இப்ப வர்ற வண்டி எல்லாம் அப்படித்தான்.”

நூர்நிஷா பதற்றத்தில் பிரேக்கை மறந்துவிட்டு செல்ஃபை அமுக்கினாள். வண்டி கிர்ரென்று ஸ்டார்ட் ஆகிவிட்டது.

“பிரேக் பிடிச்சீங்களா அத்தை?”

“இல்லயே.”

“பிடிச்சிருப்பீங்க. ஒங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். நூர்நிஷா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். இலக்கியா ஒரே விரலால் செல்ஃபை அமுக்கினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. இலக்கியா தன் ஸ்கூட்டரில் போய் அதே மாதிரி செய்து பார்த்தாள். அது அசையவில்லை.

“மாமா ஓட்டி ஓட்டி ஒங்க வண்டி செல்லமாப் போச்சு அத்தை” என்று சிரித்தாள் இலக்கியா.

நூர்நிஷா சிரிக்கவில்லை. பிரேக் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றால், யாரும் பிடிக்காதபோதே இந்த வண்டி யாரோ பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பிடித்திருப்பதாக நினைப்பதால் பின்னால் லைட்டை எரியவிடுகிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறாயே என்று கத்துகிறது. அப்படியானால் அது நினைக்கிற அந்தக் கை எது?

குனிந்து லீவரின் மூட்டைப் பார்த்தாள். வெயிலில் வெளுத்துப்போன பச்சை நூல், சுற்றுமேல் சுற்றாக அங்கே இருந்தது. லீவர் திரும்பி வந்து உட்கார வேண்டிய இடுக்கில் ஒரு மெத்தை போட்ட மாதிரி. அதை ஒட்டி, உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு சுவிட்ச். லீவர் வந்து அதை அமுக்கினால்தான் கை எடுத்தாயிற்று என்று வண்டிக்குத் தெரியும். நூல் அதை வரவிடவில்லை.

இலக்கியா என்னவென்று கேட்டாள். “வெயில் ஏறுதுடி, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றாள் நூர்நிஷா.

அன்று முழுக்க அவளுக்கு ஒரே யோசனைதான். பூட்டுக்குள் சிக்கிய ஒரு மணலைக் காதை வைத்தே கண்டுபிடிக்கிறவர். சாவியின் பல்லில் ஒரு நூலிழை கூடிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்கிறவர். தினம் தினம் கை வைக்கிற லீவரில் இருந்ததைக் கண்டுபிடிக்காமலா இருந்திருப்பார்?

மறுநாள் லீவு. இலக்கியாவை வண்டியை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பிராங்க்ளின் பட்டறைக்குப் போனாள்.

“வாங்கக்கா” என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான் பிராங்க்ளின். “சொல்லியிருந்தா நான் வீட்டுக்கே வந்திருப்பேனே. அந்த சென்சாரு...”

“பிராங்க்ளின்.”

“சொல்லுங்கக்கா.”

“அவருக்கு எப்பத் தெரியும்?”

அவன் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று கேட்கவில்லை. ஆயில் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையையே துடைத்தான்.

“மொத மாசமேக்கா. பாய்தான் கண்டுபிடிச்சாரு. நான் ஒயரெல்லாம் பிரிச்சுப் போட்டுத் தேடிக்கிட்டு இருந்தேன். பாய் அங்கிட்டு உக்காந்தபடியே, ‘டேய், அது நூலுடா’ன்னாரு. நகத்தால நூல அமுக்கிக் காட்டுனாரு. லைட்டு அணைஞ்சுது. விட்டாரு, எரிஞ்சுது.”

“நீ ஏன் அவுக்கல?”

“நானா? பள்ளிவாசல் நூல நான் அவுக்குறதாவது! எங்க ஆத்தா கேட்டுச்சுன்னா வேளாங்கண்ணிக்கு நடந்தே போகச் சொல்லும். சரி, நீங்களே அவுத்துக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளிக் கட்டுங்க பாய்னேன்.”

“என்ன சொன்னாரு?”

பிராங்க்ளின் தலையைச் சொறிந்தான். “சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாருக்கா.”

“அவர்கிட்டப் பண்ணுன சத்தியம். இனி அத நான்தான் வச்சுக்கணும். சொல்லு.”

“‘அவ கையால கட்டுனது. அதக் கட்டுன நாள்ல இருந்துதான் அவ புக்கப் பிரிச்சுப் படிக்கிறா. இதுனாலதான் வண்டி கத்துதுன்னு தெரிஞ்சா அவளே அவுத்துருவா. அவுத்துட்டு மறுபடி போனப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவா. கத்துனாக் கத்திட்டுப் போகுது, எனக்கென்ன காதா வலிக்குது’ன்னாரு.” பிராங்க்ளின் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “பிரேக்கு மட்டும் உரசாம இருக்கணும்னு என்னையக் கேபிள கொஞ்சம் இளக்கி விடச் சொன்னாரு. நீங்க கூட்டிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் நான் பாத்தது அதத்தாங்க்கா. சென்சாரப் பாக்கல.”

“அப்ப அந்த டீயெல்லாம்?”

“அது பாய் கணக்கு. சும்மா நடிக்கிறதுக்கு நான் கேட்ட கூலி.”

நூர்நிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் திசை மாறியது. இலக்கியா எழுந்துபோய் வெளியே நின்றுகொண்டாள். பிராங்க்ளின் டீ சொல்லி அனுப்பினான்.

“இப்ப நான் அவுத்துத் தரவாக்கா? எங்க ஆத்தாகிட்டச் சொல்லிக்கிறேன்” என்றான், டீ வந்த பிறகு.

“வேண்டாம். நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்த பிறகு கை போகவில்லை. ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் போனது. அந்த நூலை அவள் கட்டினாள் என்பது உண்மை. ஆனால் இத்தனை நாள் அதை அங்கே வைத்திருந்தது அவர். அவிழ்த்தால் குட்டி நிஷா போய்விடுவாள். அவர் பேசிக்கொண்டிருந்த இன்னொரு ஆள் இந்த வீட்டில் அதுதான். அவிழ்க்காவிட்டால் வண்டியே அறந்தாங்கிக்குப் போய்விடும். அங்கே யாரோ ஒருவர் முதல் நாளே கத்தரிக்கோலால் நறுக்கிப்போடுவார்.

அஸ்வர் வருவதற்கு முந்தின நாள் காலையில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். முடிச்சு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. கத்தரிக்கோலை எடுக்க மனமில்லை. அவருடைய பையைத் திறந்து, பூட்டுக்குள் விட்டுக் கிண்டுகிற மெல்லிய ஊசியை எடுத்து முடிச்சுக்குள் நுழைத்தாள். அவர் அவசரப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் அவசரப்படவில்லை. உலையில் அரிசி குழைந்துபோயிற்று. முடிச்சு அவிழ்ந்தது. லீவர் டக் என்று சின்னச் சத்தத்தோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இடுக்கில் அழுக்கு அப்பிக் கிடந்தது. உள்ளே போய், அன்றைக்கு அவர் கேட்டதற்காக எடுத்து வைத்திருந்த பழைய டூத் பிரஷ்ஷைக் கொண்டுவந்து தேய்த்துச் சுத்தம் செய்தாள். நூலைக் கண்ணாடிக் கம்பியில் சுற்றி, பழைய மாதிரியே இறுக்கி முடிச்சுப் போட்டாள். “இனி இங்கயிருந்து பாத்துக்க” என்று அதனிடம் சொன்னாள். சொன்னபோது குரல் அவருடையது மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே பிராங்க்ளின் வந்து, இளக்கி வைத்திருந்த கேபிளைச் சரியாக முறுக்கிவிட்டுப் போனான்.

அஸ்வர் வந்து சேர்ந்த மறுநாள் காலை பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஒரு கையில் அவள் தோள், மறு கையில் சீட்டுக் கம்பி.

“அம்மா, மெதுவா.”

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலடா.”

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு செல்ஃபை அமுக்கினாள். திரையில் வேகமும் பெட்ரோலும் மட்டும்தான் இருந்தன. தெருவைக் கடந்து, கோயில் மதிலை ஒட்டித் திரும்பி, மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். சத்தம் இல்லை. அஸ்வர் அவள் தோளுக்கு மேலாக எட்டி எட்டித் திரையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“என்னம்மா பண்ணீங்க? கம்பெனிக்காரனே கண்டுபிடிக்கலையே.”

“ஒங்கத்தா கண்டுபிடிச்சாருடா.”

“எப்ப?”

“ஒக்காரு ஒழுங்கா. அப்புறம் சொல்றேன்.”

டீக்கடை வந்தது. முத்துராமன் பாய்லருக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார். இத்தனை மாதம் கழித்து அந்த வண்டி அந்த வழியாக வருவதைப் பார்த்தவர், கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார். வண்டி கடந்து போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாயம்மா! பிரேக் லைட் எரியுது!”

அஸ்வர் பதறிக் குனிந்து பின்னால் பார்த்தான். “எரியலையேம்மா!”

நூர்நிஷா கையை எடுக்கவில்லை. அவளுக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. முன்னால் பார்த்தபடியே, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். “பாலப் பாருங்கண்ணே!”

அஸ்வர் லீவு முடிந்து போய்விட்டான். வண்டி வீட்டில்தான் நிற்கிறது. பிரேக் பிடித்தால் லைட் எரிகிறது, விட்டால் அணைகிறது. முத்துராமன் மட்டும் தினமும் காலையில் அதே இடத்தில் நின்று, எரியாத லைட் எரிவதாகக் கத்துகிறார்.